உடன்படாதவருக்கு எழுதுதல்

நமது பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் பத்தி எழுத்துக்குக் குறைவில்லை. சமூகத்தை உலுக்கும் பிரச்சினை ஒன்று தலைதூக்கினால், அடுத்த ஜும்ஆவுக்கு முன் பத்துப் பேராவது அதைப்பற்றி எழுதி விடுகிறோம். அவற்றுட் பல நல்ல தமிழில், நியாயமான கோபத்தோடு எழுதப்பட்டவை. வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க காக்கா" என்று சொல்லத் தோன்றுகிறது. அவரும் வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறார்.

அந்தத் தலையாட்டலில்தான் எனக்குச் சந்தேகம். அவர் ஏற்கனவே நம்மோடு உடன்பட்டவர். பத்தியை வாசிக்காமல் விட்டிருந்தாலும் அவருடைய கருத்து அதுவாகவே இருந்திருக்கும். நேற்றுவரை வேறு விதமாக நினைத்திருந்த ஒருவர் இதை வாசித்து, "இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று ஒரு கணமாவது நின்றிருப்பாரா? பெரும்பாலும் இல்லை. அப்படிப்பட்டவரின் கைக்கு நமது பத்தி போய்ச் சேர்வதேயில்லை. போய்ச் சேர்ந்தாலும், அவருக்கென்று எழுதப்பட்ட ஒரு வரியும் அதில் இருப்பதில்லை.

ஜனநாயகம் என்பதை நாம் பிள்ளைகளுக்கு வாக்குப் பெட்டியோடு சேர்த்தே படிப்பிக்கிறோம். தலைகள் எண்ணப்படுகின்றன, கூடிய தலைகள் வெல்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். ஜனநாயகம் தலை எண்ணுவது மட்டும்தான் என்றால், அந்தக் கணக்கில் நமக்கு ஒருபோதும் விடை வராது. ஆனால் ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் ஐந்து வருடங்கள் கிடக்கின்றன. அந்த ஐந்து வருடமும் மனிதர்கள் பேசுகிறார்கள், வாசிக்கிறார்கள், பயப்படுகிறார்கள், மனம் மாறுகிறார்கள். எந்தத் தலை எந்தப் பக்கம் எண்ணப்படும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. பெரும்பான்மையினருக்கு அடுத்தவரை இணங்க வைக்கும் கலை ஒரு வசதி. எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு அது வாழ்வாதாரம். அந்தக் கலையை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது எழுத்து மரபின் தொடக்கத்தில் இந்தக் கலை தெரிந்த ஒருவர் இருந்தார். கண்டியில் புரொக்டராகத் தொழில் பார்த்த அறிஞர் எம்.ஸீ. சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். அப்போது சட்டநிரூபண சபைக்கு நம்மில் யாருக்கும் வாக்குரிமை இல்லை. அவர் யாரை நோக்கி எழுதினார் என்று பாருங்கள். ஆங்கிலக் கல்வி வேண்டாம் என்றிருந்த தன் சொந்த மக்களை நோக்கி எழுதினார். பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்டவர்களை நோக்கி எழுதினார். ஏற்கனவே பிள்ளைகளைப் படிக்க வைத்த சில குடும்பங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தால் பத்திரிகை சிரமமில்லாமல் நடந்திருக்கும். அவர் அந்த வழியில் போகவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றுண்டு. முஸ்லிம்கள் ஆங்கிலப் பாடசாலைகளை வெறுத்ததற்கு வெறும் அறியாமை மட்டும் காரணமல்ல. அந்தக் காலத்து ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமார் நடத்தியவை. பிள்ளையை அங்கே அனுப்பினால் பிள்ளை நம்முடைய பிள்ளையாகத் திரும்பி வருமா என்று தகப்பன்மார் பயந்தார்கள். சித்திலெப்பை அந்தப் பயத்தைப் பரிகசிக்கவில்லை. பயத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதற்கொரு பதிலைத் தேடினார். மார்க்கத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே கூரையின் கீழ் படிப்பிக்கும் நமது சொந்தப் பாடசாலைதான் அந்தப் பதில். 1884இல் கொழும்பில் செய்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. 1892இல் மருதானையில் பிறந்த பாடசாலைதான் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியானது. பத்திரிகை தொடங்கியதிலிருந்து பாடசாலை வரை பத்து வருடம். 1898இல் அவர் மௌத்தானபோதும் அவர் எழுதியவற்றிற் பல நிறைவேறாமலே கிடந்தன. பத்தி எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு நினைவிருக்க வேண்டும்.

சித்திலெப்பை எழுதியது உள்ளே. வெளியே எழுதியதற்கும் நமக்கு முன்னுதாரணம் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையொன்றைச் சமர்ப்பித்தார். மொழி, பழக்கவழக்கம், உடலமைப்பு ஆகியவற்றைக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. மறு வருடம், 1889இல், எம்.ஸீ. அப்துர் றஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கட்டுரை எழுப்பிய கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூலே எழுதினார்.

அந்த நூலின் முடிவுகளை இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. நமது பூர்வீகத்தை அறபு நாட்டோடு மாத்திரம் முடிச்சுப் போட்டது பற்றி நம்மவர்களே பின்னர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் கவனிப்பது அதன் முறையை. மறுப்பு எழுதியவர், எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மொழி ஒன்றாயிருப்பதால் இனம் ஒன்றாகிவிடுமா என்று கேட்டார். தீர்மானம் எடுப்பவர்கள் எந்த மொழியை வாசித்தார்களோ அந்த மொழியில் எழுதினார். நமது வீட்டுமொழி தமிழ்தான். ஆனால் அந்த வாதம் வெல்லவேண்டிய இடம் வீட்டுக்கு வெளியே இருந்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதோடு தீர்மானம் எடுப்பவர் மாறிவிட்டார். அதுவரை தேசாதிபதியையும் சட்டநிரூபண சபையின் சில கனவான்களையும் இணங்க வைத்தால் போதும். அதற்கு ஆங்கிலம் போதுமாயிருந்தது. அதன்பிறகு இணங்க வைக்கப்பட வேண்டியவர், வயலில் வரம்பு கட்டும் மனிதரும் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்ணும்தான். அவர்களிற் பெரும்பாலானோர் வாசிப்பது சிங்களத்தில். இந்த மாற்றத்தை நமது அரசியல்வாதிகள் விளங்கிக்கொண்ட அளவுக்கு நமது எழுத்தாளர்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏரிக்கரை நிறுவனம் ஒன்றிலிருந்தே 'தினமின'வும் 'தினகர'னும் வெளிவருகின்றன. ஒரே நாள் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாடுகளின் பத்திரிகைகள் போலிருக்கும். ஒன்றின் ஆத்திரம் மற்றதற்குத் தெரியாது. ஒன்றின் பயம் மற்றதற்குக் கேட்காது.

இதன் விலை என்னவென்று 2020இல் நாம் கண்டோம்.

அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் கொவிட் தொற்றினால் இறந்த முதலாவது முஸ்லிம் சகோதரரின் ஜனாஸா நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்வதையும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணம் நிலத்தடி நீர். அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்றார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்கப் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம் மறுத்தது. அதே மாதம், பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

அந்நாட்களில் தமிழில் எழுதப்பட்டவற்றை நான் சேர்த்து வைத்திருக்கிறேன். இனவாதம், சதி, பழிவாங்கல் என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. தேர்தல் மேடைகளிலும் தொலைக்காட்சிகளிலும் வளர்க்கப்பட்ட வெறுப்பு அந்தத் தீர்மானத்தின் பின்னால் இருந்ததை மறுப்பவர் யாருமில்லை. எனினும், தீர்மானம் எடுத்தவர்கள் வேறு. அந்தத் தீர்மானத்தை நம்பியவர்கள் வேறு. நம்பியவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றி நமது பத்திகளில் ஒரு பந்தியும் இல்லை.

நான் படிப்பிக்கும் கிராமம் அநுராதபுர மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் வீட்டில் தமிழும் சந்தையில் சிங்களமும் பேசுகிறவர்கள். எங்கள் ஊரைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். 1990களிலிருந்து இந்தப் பிரதேசத்தைத் தின்றுகொண்டிருக்கும் கிட்னி வருத்தத்தை வாசகர்கள் அறிவார்கள். காரணம் என்ன என்று நிபுணர்கள் விவாதித்துக்கொண்டிருக்க, கிராமத்து மனிதர்கள் ஒரு முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார்கள்: தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது. தகப்பன் குடித்த கிணற்றுத் தண்ணீரை மகன் குடிப்பதில்லை. ஆர்.ஓ. இயந்திரம் பூட்டிய இடத்துக்குக் கலன்களோடு போய் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு வீட்டில் தகப்பனும் மூத்த மகனும் அடுத்தடுத்து அந்த வருத்தத்தில் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படியொரு கிராமத்து மனிதரிடம் போய், "புதைத்தால் கிணற்றுத் தண்ணீர் நஞ்சாகும்" என்று வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் சொன்னால் அவர் நம்பாமல் என்ன செய்வார்? அந்த நம்பிக்கைக்கு நாம் இனவாதம் என்று பெயர் வைத்தோம். அவருக்கோ அது தன் கிணறு.

அந்த டிசம்பரில், பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் என்னிடம் நேராகவே கேட்டார்:

"சேர், கோபிக்க வேணாம். உங்கட ஆட்களைப் புதைச்சா எங்கட கிணறு என்னாகும்?"

கடையில் இருந்த நம்மவர் ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். எனக்கும் எழும்பத் தோன்றியது. ஆனால் கேட்டவரின் முகத்தில் பகை இல்லை.

"மாமா, நோயாளி உயிரோட இருக்கிற நேரம் ஆஸ்பத்திரியில மலசலகூடத்துக்குப் போறார்தானே? அந்தக் கழிவு எங்க போகுது?"

அவர் யோசித்தார். "குழிக்குள்ளதான்."

"அந்தக் குழியால கிணறு கெடும் எண்டு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"வைரஸ் உயிருள்ள உடம்புக்குள்ளதான் பெருகும். மையித்துக்குள்ள அது பெருக ஏலாது. உயிரோட இருக்கிறவர்ட கழிவுக்குப் பயமில்ல எண்டா, ஆறடிக்குக் கீழ இருக்கிற மையித்துக்கு ஏன் பயப்படணும்?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "அப்ப ஏன் சேர் அவங்க அப்பிடிச் சொல்றாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி முதற் கேள்வியைவிட நல்ல கேள்வி. அதற்கான பதிலை நான் சொல்லவில்லை. அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த உரையாடலைச் சிங்களத்தில் ஒரு கடிதமாக எழுதிச் சிங்களப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்ப விரும்பினேன். பேசுகிற அளவுக்கு எழுத்துச் சிங்களம் எனக்கு வராது. வலயக் கல்வி அலுவலகத்தின் பயிற்சிப் பட்டறையொன்றில் பழக்கமான சிங்கள ஆசிரிய நண்பர் ஒருவரிடம் போனேன். நாங்கள் இருவரும் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து இரண்டு மாலைகள் அதை எழுதினோம். எதை முதலில் வைப்பது என்பதைப் பற்றியே நீண்ட நேரம் பேசினோம். முடிவில், தண்ணீர் முதலாவது, உலக நாடுகள் என்ன செய்கின்றன என்பது இரண்டாவது, நமது மார்க்கம் மையித்துக்குக் கொடுக்கும் கண்ணியம் மூன்றாவது என்று வைத்தோம். இனவாதம் என்ற சொல் எங்கும் வரவில்லை. "முதற் பந்தியிலேயே வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அவர் இரண்டாம் பந்திக்கு வரமாட்டார்" என்றார் நண்பர். ஆசிரிய கலாசாலையில் படித்த எந்தக் கற்பித்தல் முறைக்கும் அந்த வாக்கியம் குறைந்ததல்ல.

கடிதம் பிரசுரமாகவில்லை. நண்பர் அதைத் தன் பாடசாலையின் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினார். இருவர் அது சரிதான் என்றார்களாம். ஒருவர் கடைசிவரை ஏற்கவில்லை. மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எட்டுப் பத்துப் பேர் இருக்கும் ஓர் அறையில், அன்றுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

பின்னர் நடந்தவற்றை நாடறியும். சுகாதார அமைச்சுக்கு ஆலோசனை சொன்ன நிபுணர் குழுவொன்று தகனம், அடக்கம் இரண்டையும் அனுமதிக்கலாம் என்றது. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அடக்கத்துக்குத் தடையில்லை என்ற கருத்தை வெளியிட்டன. அப்போதும் சட்டம் மாறவில்லை. 2021 பெப்ரவரி 10ஆம் திகதி பாராளுமன்றத்தில் பிரதமரிடமிருந்து வந்த நல்ல வார்த்தை மறுநாளே நீர்த்துப் போனது. பெப்ரவரி 25ஆம் திகதிதான் புதிய வர்த்தமானி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஒட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பின்னர் ஒரு வருட காலம், நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. முஸ்லிம்களோடு ஏனைய சமூகத்தவருமாக மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த மண்ணில் உறங்குகிறார்கள்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வியை ஒளிக்க முடியாது. சட்டம் மாறியது எழுத்தினாலா? அந்த நாட்களில் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். அரசுக்கு முஸ்லிம் நாடுகளின் ஆதரவு தேவைப்பட்டது. இவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா, பத்தி எழுதி ஒன்றும் ஆகவில்லை, வெளிநாட்டு அழுத்தம்தான் வேலை செய்தது" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கதவைத் தள்ளியது அரசியல்தான். ஆனால் அதற்குள் கதவின் பிணைச்சல்கள் கழன்றிருந்தன. தகனத்துக்குச் சொல்லப்பட்ட ஒரேயொரு காரணமும், அதாவது தண்ணீரும், மருத்துவர்களாலும் எழுத்தாளர்களாலும் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கப்பட்டுப் பலமிழந்து போயிருந்தது. அரசு பின்வாங்கியபோது, கிணற்றைக் காப்பாற்ற என்று வீதிக்கு இறங்கிய கூட்டம் எதையும் எங்கள் பக்கத்தில் நான் காணவில்லை. அழுத்தத்தினால் மட்டும் மாறிய சட்டம், அழுத்தம் போனதும் திரும்பிவிடும். காரணம் விழுந்துபோனதால் மாறிய சட்டம் திரும்பி வருவது கடினம். 2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கட்டாயத் தகனத்துக்காகச் சகல சமூகங்களிடமும் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு இறந்தவர்களை மீட்காது. எனினும் ஓர் அரசு தன் காரணம் பிழையென்று எழுத்தில் ஏற்பதற்கு, அந்தக் காரணத்தை யாராவது முன்னரே எழுத்தில் உடைத்திருக்க வேண்டும்.

பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் அந்தச் சிசுவுக்காக வெள்ளைத் துணிகள் கட்டியவர்களையும் மறக்க முடியாது. இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன; மீண்டும் கட்டினார்கள். அவர்களிற் பலர் முஸ்லிம்கள் அல்லர். நமது தமிழ்ப் பத்திகளை அவர்கள் வாசித்து வந்தவர்களல்ல. யாரோ அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பிள்ளைகளை நினைக்கும்படியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவும் வெளியே பேசுவது பற்றி. இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கக்கூடும். நாட்டைப் பார்த்து "எங்கள் நியாயத்தைக் கேளுங்கள்" என்று கேட்கிற நாம், நமக்குள் எழும் குரலை எப்படிக் கேட்கிறோம்?

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018 ஜனவரியில்தான் கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடத்தின் பின்னும் உறுப்பினர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தே கையொப்பமிட்டார்கள். பொதுச் சட்டத்தில் விவாக வயது 1995இலேயே பதினெட்டாகிவிட்டது. நமது சட்டத்திலோ, அறிக்கை கையளிக்கப்பட்ட வேளையிலும், குறைந்த வயதெல்லை என்று ஒன்று இருக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியென்றால் மட்டும் காதி நீதிபதியின் அனுமதி தேவை. தன் நிகாஹ் பதிவில் மணமகள் கையொப்பமிட ஏற்பாடு இல்லை. பெண்ணொருவர் காதியாக வர இடமில்லை.

மார்க்க அறிஞர்களுக்கிடையே இவை பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஃபிக்ஹ் பேசும் தகுதி எனக்கில்லை. எழுத்து நடந்த விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் எழுதினார்கள், பேசினார்கள். அவர்களுக்கு நமது பத்திகளில் கிடைத்த பதில் என்ன? அரசசார்பற்ற நிறுவனங்களின் பணத்துக்கு ஆடுபவர்கள், மேற்கின் கைக்கூலிகள், மார்க்கம் தெரியாதவர்கள். 2020இல் நமக்கு மற்றவர்கள் வைத்த பெயர்களையும் இவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அதிகமில்லை. எழுதியவரின் நோக்கத்தைத் தாக்கிவிட்டால் எழுதியதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்ற வசதி இரண்டு இடத்திலும் ஒன்றே. மறுபக்கத்திலும் குறையுண்டு. இந்தச் சட்டத்தில் கைவைத்தால் நமது தனித்துவமே பறிபோகும் என்று பயப்படுகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். 2014இல் அளுத்கமவையும் 2018இல் திகனவையும் பார்த்த பிறகு அந்தப் பயத்தைக் கற்பனை என்று தள்ள முடியாது. திருத்தம் கேட்டு எழுதியவர்களில் அந்தப் பயத்தோடு பேசியவர்கள் சிலரே.

சித்திலெப்பையாக இருந்திருந்தால் இரண்டு பக்கத்துப் பயத்தையும் மேசையில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடம் இழுபட்ட இந்த விவாதம் காகிதத்தில் மட்டும் நடந்ததல்ல. என் வகுப்பு இடாப்பில் ஒரு பெயருக்கு நேரே, பத்தாம் தரத்தின் இரண்டாம் தவணையிலிருந்து சிவப்புக் கோடு ஓடுகிறது. கணிதத்தில் கெட்டிக்காரி. நிகாஹுக்கு அழைப்பு வந்தது. நானும் போய்ச் சாப்பிட்டேன். அவளுடைய வாப்பாவை இணங்க வைக்கும் பத்தியொன்றை அவர் வாசிக்கிற இடத்தில், அவருக்கு விளங்குகிற மொழியில், யாரும் எழுதியிருக்கவில்லை. அவரைத் திட்டும் பத்திகள்தான் இருந்தன. அவற்றையும் அவர் வாசிக்கவில்லை.

எங்கள் பாடசாலைகளில் விவாதப் போட்டி நடத்துகிறோம். நல்ல விடயம்தான். ஆனால் அதில் பிள்ளை கற்றுக்கொள்வது நடுவரை வெல்வதற்கு. எதிரணியின் மனம் மாறினால் புள்ளி கிடையாது. ஆகவே சில வருடங்களாக என் வகுப்பில் வேறொரு பயிற்சியும் செய்து வருகிறேன். ஒரு விடயத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பிள்ளைகள், முதலில் மற்றவருடைய கருத்தை எழுத வேண்டும். அதை வாசித்து, "ஆம், நான் சொல்வது இதைத்தான்" என்று அந்த மற்றவர் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே தன் மறுப்பை எழுதலாம். விளையாட்டு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குவதா என்ற தலைப்பில் ஒருமுறை கொடுத்தேன். ஒரு மாணவன் நான்கு தரம் எழுதியும் கையொப்பம் கிடைக்கவில்லை. ஐந்தாம் தரம் எழுதிக்கொண்டிருக்கையில் நிறுத்திவிட்டு, "சேர், இவ சொல்றது எனக்கு இப்பதான் விளங்குது" என்றான். அவன் தன் கருத்தை மாற்றவில்லை. ஆனால் பிறகு அவன் எழுதிய மறுப்பு, வகுப்பில் அதுவரை எழுதப்பட்டவற்றுள் சிறந்ததாக இருந்தது.

இதற்கான வழிகாட்டலை நாம் எங்கோ தேடிப் போக வேண்டியதில்லை. பூமியிலேயே மிகக் கொடிய ஆட்சியாளனிடம் அனுப்பப்பட்ட நபி மூஸா (அலை) அவர்களுக்கு, அவனிடமும் மென்மையாகப் பேசும்படியே பணிக்கப்பட்டது. மூஸா நபியவர்களோ, தம்மைவிட நாவன்மை மிக்கவரென்று தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறு கேட்டார்கள். மென்மை என்பது பணிந்து போவதல்ல என்பதற்கும், கேட்பவருக்கு விளங்கும் நாவைத் தேடிக்கொள்வதில் வெட்கமில்லை என்பதற்கும் இதைவிட என்ன வேண்டும்? நமது ஹாரூன்கள் சிங்களத்தில் படித்து வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். சிங்கள மொழிமூலம் கற்கும் முஸ்லிம் பிள்ளைகள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழை மறக்கிறார்களே என்று கவலைப்படுகிறோம், நியாயமான கவலை. அவர்களிடம் நமது கட்டுரைகளைக் கொடுத்து, "இதை உன் மொழியில் எழுது" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

எல்லோரையும் எழுத்தால் இணங்க வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கலவரத்துக்குக் கல்லோடு வருபவன் பத்தி வாசித்துவிட்டு வருவதில்லை. அவனுக்குச் சட்டம் வேண்டும், பொலிஸ் வேண்டும், நீதிமன்றம் வேண்டும். ஆனால் கல்லோடு வருபவன் எப்போதும் சிலரே. அவன் போகும் வழியில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்திருப்பவர்கள்தான் பலர். அவர்கள் கதவைத் திறப்பார்களா மாட்டார்களா என்பது அன்றைய தினம் தீர்மானமாவதில்லை. அதற்கு முந்திய பத்து வருடத்தில், அவர்கள் வாசித்ததாலும் கேட்டதாலும் தீர்மானமாகிறது.

இச்சஞ்சிகைக்கு ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு இதழிலும் வரும் கட்டுரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சிங்களத்தில் பெயர்த்து, தனியாக எட்டுப் பக்கத்தில் அச்சிடுவோம். கிராமத்துப் பாடசாலைகளுக்கும் விகாரைகளுக்கும் பொது நூலகங்களுக்கும் தபாலில் அனுப்புவோம். அதை வாசித்து உடன்படாதவர் யாராவது பதில் எழுதினால், அதை வெட்டாமல் தமிழாக்கி அடுத்த இதழில் போடுவோம். நமக்குள்ளும், பெண்கள் எழுதும் மறுப்புகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குவோம். முதலாவது மொழிபெயர்ப்புக்கு என் சிங்கள ஆசிரிய நண்பரிடம் ஏற்கனவே கேட்டுவிட்டேன். தபாற் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன். கட்டுரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆசிரியர் குழுவுடையது.